இரண்டு தூண் லிஃப்ட்

“அப்பா, தரையில ஒரு துளை போடணும்.”

எங்கள் வீட்டில் கேட்கவே கூடாதது அது. “கராஜ் தரையைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே” என்று அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். மெக்கானிக்கான அப்பா தானே கலவை போட்டு ஊற்றிய தரை.

தொழில் இப்போது அண்ணன் கையில். போன மாதம் ஜாக்கி சரிந்து அவனுக்கு விலா எலும்பில் விரிசல். அதனால்தான் காரை அப்படியே மேலே தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட். நாலு தூண் வேண்டாம், இடத்தை அடைக்கும் என்று அப்பா இரண்டு தூணைத் தேர்ந்தெடுத்தார். அதன் கையேட்டை வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். தரையில் கான்கிரீட் ஆறு அங்குல கனமாவது இருக்க வேண்டுமாம்; துளை போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

“முப்பது வருஷமா இதுமேல கார் நிக்குது. ஒரு கீறல் காட்டு பாப்போம்.”

“நிக்கிறது வேற, தூக்கிப் பிடிக்கிறது வேறப்பா. மொத்த பாரமும் ரெண்டு தூணுக்கு வரும். தூணைப் பிடிக்கிறது தரையில இருக்கிற போல்ட்டு மட்டும்தான்.”

“நீ காலேஜ்ல படிச்சது வரலாறுதானே? கான்கிரீட்டா?”

அண்ணன் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டிரில்லிங் மெஷினை எடுத்து நீட்டினான். “மூலையில போட்டுத் தொலை.”

மூன்றாவது அங்குலத்தில் சடாரென்று உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தேன். நுனியில் ஈர மண்.

அப்பா குனிந்து பார்த்தார். “மூலை அப்படித்தான் இருக்கும்.”

“தூண் நிக்கிற இடத்துல போடட்டுமா?”

“வேணாம்.”

சொன்ன வேகத்திலேயே புரிந்துவிட்டது. “உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“அன்னிக்கு சிமெண்டு பத்தல. கார்தானே நிக்கப்போகுதுன்னு விட்டுட்டேன்.” என் முகத்தைப் பார்க்கவில்லை. “போல்ட்டு நீளமா போட்டா பிடிச்சுக்கும்.”

“எதை? மண்ணையா?”

வாசலில் லிஃப்ட்டை ஏற்றி வந்த லாரி ஹாரன் அடித்தது.

“விடு பாப்பா,” என்றான் அண்ணன். “தான் போட்ட தரையிலதான் லிஃப்ட் நிக்கப்போகுதுன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நான் பாத்து நடந்துக்கறேன்.”

“அடியில நீதான்டா படுக்கணும்.”

“லிஃப்ட்டுக்கு அடியில யாரு படுப்பா? நிப்பேன்.”

அவன் சாகத் தயார். அப்பாவைத் தலைகுனிய வைக்கத்தான் மனசில்லை. மெஷினைக் கீழே வைத்தேன்.

“லாரியில வந்தவங்ககிட்ட எதுவும் சொல்லாதம்மா,” என்றார் அப்பா. அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை.

வெளியே நடந்தேன். லாரிக்காரர் தூண்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கக் கை வைத்திருந்தார். தரையை உடைத்துப் புதிதாக ஊற்றும்வரை அந்தத் தூண்கள் இறங்கப்போவதில்லை.