மணலில் வெந்த கேக்கு

அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி அணைத்தது அன்னம்மாள்தான். தம்பி தசரதன் செத்துப்போன சேதி கேட்டு, இரண்டு தெரு தாண்டித் தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், கட்டிலருகே ஒரு மூச்சு அழுதுவிட்டு நேரே சமையல்கட்டுக்குள் நுழைந்தாள். அடுப்பின் மேல் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் மூடிமேலும் தணல் கனன்றுகொண்டிருந்தது.

"பொணம் கெடக்கற ஊட்ல அடுப்பு எரியுதே, யாருக்காச்சும் கண்ணு கீதா?" என்றாள். "இன்னாடி வேவுது இதுல? இன்னிக்கும் அந்தக் குதிரத் தீனியா?"

மருமகள் வடிவு வாசற்படியிலேயே நின்றாள். விடியும் முன்னால் எழுந்து அடுப்பை மூட்டித் தகரத்தை ஏற்றிவிட்டு, மாமனாரின் கால் புண்ணைக் கழுவ வெந்நீரோடு போனவள் அவள்தான். தொட்டபோது கால் சில்லென்றிருந்தது. புருஷன் நாகேந்திரனை எழுப்பினாள். அவன் கட்டிலைக் கட்டிக்கொண்டு அழுதான், அப்புறம் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பப் போனான். அடுப்பு எரிகிற நினைப்பே அவளுக்கு இல்லை.

புகை அடங்கியது. தகரத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட வடிவுக்குக் கை எழவில்லை. ஆறு மாதத் தூக்கம் உடம்பில் பாக்கி இருந்தது.

மாமனார் தசரதனுக்குச் சர்க்கரை வியாதி. வரப்பில் முள் குத்திய கால் ஆறாமல் புரையோடிப்போய், கரையான்சாவடி டாக்டரிடம் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். சோறு கூடாது, வெல்லம் கூடாது, கிழங்கு கூடாது. "சோத்தை விஷம்னு நெனச்சுக்கோம்மா" என்று டாக்டர் வடிவைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்துச் சொல்லவில்லை. சமைக்கிறவள் யாரென்று அவருக்குத் தெரியாதா என்ன?

நாகேந்திரனுக்கு ஆவடி மிலிட்டரி கிடங்கில் வேலை. சண்டை நடக்கிற காலம், கப்பல் கப்பலாகச் சரக்கு வந்து இறங்கியது. நசுங்கிப்போன ஓட்ஸ் டின்களை ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அங்கே சமையல்காரனாக இருந்த மதுரைவீரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்கள் ஊர் நூம்பலுக்கே வந்து வடிவுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஓட்ஸை வறுத்து இடித்து, முட்டையும் ஆப்பசோடாவும் போட்டுக் குழைத்து, கொய்யாப்பழத்தை விதை நீக்கிப் பிசைந்து சேர்க்க வேண்டும். நெய் தடவிய கிண்ணங்களில் ஊற்றி, தகரத்துக்குள் மணல் பரப்பி அதன்மேல் வைத்து மூடி, கீழேயும் மேலேயும் தணல் போட வேண்டும்.

"தொரைங்க காலைல இத்தத்தான் துன்றாங்க. மபின்னு பேரு," என்றான். பேர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. வீட்டில் அது கேக்கு ஆகிவிட்டது.

கூவத்து மணலைச் சலித்து எடுத்து வந்தாள் வடிவு. ஒருநாள் கூட ஒழுங்காக வந்ததில்லை. மேலே வெந்தால் அடி கருகும், அடியைப் பார்த்தால் நடு மாவாக நிற்கும். கருகியதைக் கத்தியால் சுரண்டிவிட்டு இரண்டைத் தட்டில் வைப்பாள். தசரதன் மெல்லுவார், தண்ணீர் குடிப்பார், மறுபடியும் மெல்லுவார்.

"நேத்திக்கு இன்னிக்குத் தேவலம்மா" என்பார். ஆறு மாதமாக அதையே சொன்னார்.

அவர் கட்டில் போட்டிருந்த கூடத்திலேயே இரண்டு குதிர் நிறைய அவர் விளைவித்த நெல். ஊரெல்லாம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற நாளில், அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "நெல்லுக்குக் காவக்காரன் ஆயிட்டேன் பாரு" என்று சிரிப்பார்.

நேற்றுச் சாயங்காலம் சிரிக்கவில்லை. அன்னம்மாளும் இருந்தாள். அவள் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தம்பியைப் பார்க்க வருவாள். "ஒரு புடி சோறு போடேன் வடிவு" என்று கேட்டார். சின்னப் பையன் கேட்கிற மாதிரி இருந்தது. வடிவு கையெடுத்துக் கும்பிட்டாள். "வாணாம் மாமா. புண்ணு கொஞ்சம் வாடிட்டு வருது. இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்குங்க" என்றாள்.

நெல் குதிர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, உடு. காலைல கேக்குல கொய்யாப்பழமாச்சும் நெறையப் போடு" என்றார். அப்புறம் வடிவு மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொல்லைக்குப் போனாள். இன்று விடியற்காலையில் இரண்டுக்கு நாலாகப் பழம் பிசைந்து போட்டிருந்தாள்.

ஜனம் சேருமுன் கட்டிலடியைக் கூட்டிவிடலாம் என்று வடிவு குனிந்தபோதுதான் அந்தச் சொம்பு துடைப்பத்தில் தட்டியது. பித்தளைச் சொம்பு. கழுத்தில் ஒரு நசுங்கல். அது அன்னம்மாளுடையது என்று ஊருக்கே தெரியும். உள்ளே பழைய சோற்றின் வாடை. விளிம்பில் ஐந்தாறு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

வடிவு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது நேற்று மட்டும் நடந்ததா, எத்தனை நாளாக நடக்கிறது? நாலு மணிக்கு எழுந்து இடித்ததும் சலித்ததும், புகையில் கண் எரிந்ததும், ஆறாத புண்ணைப் பார்த்துத் தன் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று அழுததும் எல்லாம் வீணா? அன்னம்மாள்மேல் ஆத்திரம் பொங்கியது. கூடவே, அந்த மனுஷர் பசியோடு போகவில்லை என்று ஆறுதலாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. சொம்பை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொல்லையில் வைக்கோலுக்குள் செருகினாள்.

பொழுது ஏற ஏறக் கூட்டம் சேர்ந்தது. அன்னம்மாள் மாரில் அடித்துக்கொண்டு பாடினாள். களம் நிறைய நெல் கண்டவனே, கால் வயிற்றுக் கஞ்சிக்கு ஏங்கினாயே என்று இழுத்தாள். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வடிவைப் பார்த்தார்கள். நூம்பலில் நாளைக்குள் எல்லா வாசலிலும் இதுதான் பேச்சாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மருமகள் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள்.

நாகேந்திரன் அவளைத் தவிட்டுப் பானைப் பக்கம் கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது.

"நேத்து நைனா சோறு கேட்டாராமே. அத்தே சொல்லுது."

"கேட்டாரு."

"நீ குடுக்கலியா?"

"குடுக்கல."

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது வடிவுக்கு. டாக்டர் சொன்னபோது இவனும் கூடத்தானே நின்றான். வைக்கோலுக்குள் கையை விட்டால் போதும், எல்லார் வாயும் அடைத்துவிடும். எழுந்து போகலாமா என்று இரண்டு தரம் நினைத்தாள். அந்த மனுஷர் ஒளித்துத் தின்றதைச் செத்த அன்றைக்கே சபையில் எடுத்து வைக்கிற மனசு அவளுக்கு இல்லை.

குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, வாசலில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். முறத்தில் பச்சரிசி வந்தது, அவருடைய குதிரில் இருந்த நெல்லைக் குத்தின அரிசி.

"மொதல்ல மருமவ போடட்டும்," என்றாள் அன்னம்மாள், குரல் கட்டிப்போய். "ஆறு மாசம் சோத்தக் காணாத வாயி. இன்னிக்காச்சும் போடட்டும்."

வடிவு போட்டாள். மூன்று தரம். அரிசி உதட்டில் பட்டுக் கன்னத்தில் உருண்டது. அதை எடுத்து மறுபடியும் வாய்க்குள் வைத்தாள்.

அடுத்து அன்னம்மாள் வந்தாள். கை நிறைய அள்ளிக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றாள். மூடின கை திறக்கவில்லை. பார்வை தம்பியின் முகத்தை விட்டுத் திறந்த கதவு வழியாகக் கூடத்துக்குப் போய், காலிக் கட்டிலின் அடியில் தேடியது. அங்கே கூட்டித் துடைத்த தரைதான் இருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பி வடிவைப் பார்த்தாள். கண்ணில் அழுகை இல்லை, பயம்தான் இருந்தது. காலையிலிருந்து அவள் அத்தனை சத்தம் போட்டது எதற்கென்று வடிவுக்கு அப்போது விளங்கியது.

"போடும்மா, நாழி ஆவுது" என்றார் யாரோ.

வடிவு நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அரிசி விழுந்தது.

அதற்கப்புறம் அன்னம்மாள் பாடவில்லை. தொண்டை போய்விட்டது என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ஆண்கள் திரும்பி வந்து குளித்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் சாய்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டைக் கழுவிவிட்டாயிற்று. வடிவு சொம்பை வைக்கோலிலிருந்து எடுத்து, புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். ஒரு பருக்கை இல்லாமல் கழுவினாள்.

பிறகு தகரத்தின் நினைவு வந்தது. மாவு புளித்திருக்கும், கொட்டிவிடலாம் என்று ஈரச் சாம்பலைத் தள்ளி மூடியைத் திறந்தாள். கிண்ணத்துக்கு ஒன்றாக நாலு கேக்கு, மேலே உப்பி, ஒரே சீராகச் சிவந்து நின்றன. நெருப்பை அணைத்த பிறகு மணலின் சூட்டிலேயே வெந்திருக்கின்றன. ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு பொட்டுக் கருகல் இல்லை. ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் சரியாக வந்திருந்தது. அவளுக்குத் தாங்கவில்லை. அடுப்பங்கரையில் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அன்னம்மாள் கொல்லைக் கிணற்றடியில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வாங்கின ஏனத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. வடிவு சொம்புக்குள் இரண்டு கேக்கைப் போட்டுக் கொண்டுவந்து கிழவியின் முன்னால் வைத்தாள்.

அன்னம்மாள் சொம்பையே வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை.

"எவ்ளோ துன்னாரு பெரிம்மா?" என்று கேட்டாள் வடிவு.

"முச்சூடும்."

"தொட்டுக்க?"

"மாவடு வெச்சேன்," என்றாள் அன்னம்மாள். சற்றுப் பொறுத்து, "கைய நக்கினான்டி," என்றாள்.

வடிவு அவள் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே நாகேந்திரன் இருமுகிற சத்தம் கேட்டது. அன்னம்மாள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அவங்கிட்ட நானே சொல்றேன்."

"இன்னிக்கு வாணாம். தூங்கட்டும்."

கிழவி சொம்புக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, பிட்டு வாயில் போட்டாள். பல்லில்லாத வாய் நெடுநேரம் அதை அரைத்தது.

"கொய்யாப்பழம் ரொம்பப் போட்டுகீறே."

"கேட்டாரு," என்றாள் வடிவு.

அன்னம்மாள் தலையாட்டினாள். மீதிப் பாதியைச் சொம்புக்குள் திரும்ப வைத்து, அதன் வாயை ஈர முந்தானையால் மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.