நிக்கல் கலந்த மோதிரம்

“கையை ஆட்டாதய்யா,” என்றாள் வால்புர்கா.

கொர்பினியான் கட்டிலில் படுத்தபடியே வலது கையை நீட்டியிருந்தான். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரோடு தயாராக வந்திருந்தாள் அவள். அதற்கு வேலையே வரவில்லை. கல்யாண மோதிரம் விரல்முட்டியைச் சுலபமாகத் தாண்டி அடியில் போய் உட்கார்ந்தது.

முப்பத்தாறு வருஷம் மேசை இழுப்பறையில் கிடந்த மோதிரம் அது. ஊருக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில், கடலடிப் பாறையைச் சீவிச் சீவித் தூளாக்குவது அவன் வேலை. பல லட்சம் வருஷங்களுக்கு முன் பூமிக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்து, அதன் தூசு கடலில் விழுந்து அந்தப் பாறையில் படிந்திருந்தது. அந்தத் தூசில் பூமியில் பிறக்காத ஒருவகை இரும்பு உண்டு. மாதக்கணக்காகத் தேடினால் நாலைந்து அணு அகப்படும். நிக்கல் துளி கலந்துவிட்டாலும் இரண்டின் அணு எடையும் ஒன்றுபோல இருப்பதால் எண்ணும் கருவி ஏமாந்துவிடும். மோதிரமோ நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம். வேலைக்குச் சேர்ந்த அன்றே கழற்றிவிட்டான்.

வெறும் விரலைப் பார்த்து, பீர்த் திருவிழாவில் பரிமாறும் பெண்கள் அவனிடம் இழைந்து இழைந்து பேசுவார்கள். வால்புர்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓய்வு பெற்ற அன்று மாட்டிப் பார்த்தால் விரல் பெருத்திருந்தது. வெட்டிப் பெரிதாக்கலாம் என்றார் நகைக்கடைக்காரர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது நோய் வந்து விரலை இளைக்க வைத்துவிட்டது. மோதிரம் ஏறியதில் அவளுக்குச் சந்தோஷம், சந்தோஷப்பட்டதற்காக வெட்கம்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“புது மாப்பிள்ளைதான், போ.”

“கடைசில நீதான் ஜெயிச்ச, புர்கி. ஆனா புதைக்கும்போது கழட்டிடு.”

“அது எதுக்கு?”

“இருபது லட்சம் வருஷம் கழிச்சு எவனாவது இந்த மண்ணைத் தோண்டி எண்ணுவான். என் நிக்கல் அவன் கணக்கைக் கெடுத்துரும். பாவம்.”

“யாருன்னே தெரியாதவனுக்குப் பாவம் பாக்கற. எனக்குப் பாத்தியா?”

சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. பீர் நுரை வேண்டும் என்றான். மகள் ஆஃப்ரா சமையலறையிலிருந்து ஒரு கோப்பை கோதுமை பீர் கொண்டுவந்தாள். வால்புர்கா நுரையைக் கரண்டியில் அள்ளி அவன் உதட்டில் வைத்தாள்.

“மரக்கரண்டிதானே?”

“எவர்சில்வர். அதுலயும் நிக்கல் இருக்கு, தெரியும்.”

“நாசமாப் போச்சு,” என்றான், நிறைந்த முகத்தோடு. அப்புறம் எதுவும் பேசவில்லை.

மூன்று மணி வெயில் போர்வைமேல் விழுந்திருந்தபோது மூச்சு நின்றது. வால்புர்கா எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்தாள். போகிற உயிருக்கு வழி விட வேண்டும். தோட்டத்தில் ஆப்பிள் பழுத்து விழுந்த வாசனை உள்ளே வந்தது.

மறுநாள் காலை, அடக்க ஏற்பாடுகளைச் செய்யும் ஸின்டல் அம்மாள் வந்து அவனுக்குக் கோட்டு உடுத்தித் தலை வாரிவிட்டாள்.

“மோதிரத்தைக் கழட்டித் தரட்டுமா? ஞாபகத்துக்கு நிறைய பேர் வாங்கி வச்சுக்குவாங்க.”

“அப்பா கழட்டத்தான் சொன்னாரும்மா,” என்றாள் ஆஃப்ரா.

வால்புர்கா அந்தக் கையை எடுத்தாள். மோதிரத்தை முட்டிவரை இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே பிடித்திருந்துவிட்டு மறுபடியும் அடிவரை தள்ளினாள்.

“இருக்கட்டும்,” என்றாள். “எண்ணுறவன் கொஞ்சம் குழம்பட்டும்.”

ஸின்டல் அம்மாள் புரியாமல் ஆஃப்ராவைப் பார்த்தாள். ஆஃப்ரா அழுதுகொண்டே சிரித்தாள்.

வால்புர்கா தையல் பெட்டியை எடுத்துவந்தாள். மோதிரம் நழுவாதபடி அதன் அடியில் வெள்ளை நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு குனிந்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.