இந்த வாரத்து ஐந்தாவது முத்து

நேசக்குமார் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. தப்பு என்னுடையதுதான். அதை நான் எட்டு மாதமாக ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் நகமும் சதையுமாகத் திரிந்தவர்கள். வேலைக்கும் தூத்துக்குடி துறைமுகத்திலேயே வந்து சேர்ந்தோம். அவன் கண்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவன். நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் கடிதம் எழுதுகிறவன். போன வருஷம் அவனுக்கு நாசரேத்தில் அனுஜா என்று ஒரு கணக்கு டீச்சரைப் பார்த்தார்கள். போட்டோவைக் கொண்டுவந்து காட்டி, "எப்படிலே இருக்கு?" என்று கேட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நல்ல புள்ளதாம்லே. ஆனா சிரிப்பே வராது போலிருக்கே. காலம் பூரா பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கும் ஒனக்கு" என்று சொல்லித் தொலைத்தேன்.

நேசக்குமாருக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நான் சொன்னதை அப்படியே அந்தப் பெண்ணிடம் போய் ஒப்பித்துவிட்டான். அவள் ஒன்றுமே சொல்லவில்லையாம். அப்புறம்தான் இவனுக்கு உறைத்திருக்கிறது. போனில் கூப்பிட்டு என்னைக் கிழி கிழியென்று கிழித்தான். நானும் சளைக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பத்திரிகையோடு என் ஆபீசுக்கு வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"வந்துரு. வாழ்த்து மடல் நீதான் வாசிக்கணுமாம். அனுஜா சொல்லிட்டா."

"அனுஜாவா?"

"ஆமா" என்றான். போய்விட்டான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் இது ஒரு வழக்கம். கோயிலில் பாதிரியார் ஆசீர்வாதம் சொல்லி முடித்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்ததும், நண்பர்கள் வாழ்த்து மடலை மைக்கில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மணமக்கள் கையில் கொடுப்பார்கள். அது அவர்கள் வீட்டுச் சுவரில் ஆயுசுக்கும் தொங்கும். கணக்கு டீச்சர் எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. இதில் சொதப்பினால் நேசக்குமார் எனக்கு இல்லை. அதுவும் புரிந்தது.

புரிந்து என்ன செய்தேன்? கப்பல் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நான் தினமும் கடிதம் எழுதி வாங்குகிற அதே ஏஐயிடம் போய், "நண்பனுக்கு உருக்கமான திருமண வாழ்த்து மடல், மணமகள் கணித ஆசிரியை, ஊர் தூத்துக்குடி" என்று ஒரு வரி போட்டேன். டீக் கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் வந்துவிட்டது. 'நட்பெனும் நந்தவனத்தில் நறுமலராய்ப் பூத்தவனே! முத்துநகரின் நன்முத்தைக் கரம்பிடித்தவனே!' வாசித்து எனக்கே கண் கலங்கியது. நமக்குள் இவ்வளவு பாசமா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அச்சகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண்ணின் பெயர் பொன்செல்வி. என் போனை வாங்கி இரண்டு வரி வாசித்தவள், "அஞ்சாவது முத்து" என்றாள்.

"என்னம்மா?"

"இந்த வாரத்துல இது அஞ்சாவது முத்து, அண்ணே. தூத்துக்குடின்னு போட்டாப் போதும், பொண்ணு முத்தாயிருது."

எனக்குச் சுருக்கென்றது. "மத்தவன் எழுதுனத எனக்குத் தெரியாது. இது நான் உருகி எழுதுனது" என்று கூசாமல் புளுகினேன்.

அவள் என் மடலை அச்செடுத்து, ஏற்கெனவே அடித்திருந்த நாலோடு சேர்த்துக் கலைத்து, பெயர்கள் மேல் காகிதத் துண்டுகளை வைத்து மறைத்து, மேசையில் வரிசையாகப் பரப்பினாள். "ஒங்களது எதுன்னு எடுங்க பாப்போம்."

நான் ஐந்தையும் வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன். கடைசியில், எதற்குக் கண் கலங்கியதோ அதை எடுத்தேன். பொன்செல்வி காகிதத் துண்டை நீக்கினாள். மணமகன் ரோச், மணமகள் ஷெர்லின் என்று இருந்தது.

மெஷினுக்குப் பின்னால் நின்றவர் வரை எல்லோரும் சிரித்தார்கள். ஊர்பேர் தெரியாத ரோச்சுக்காக நான் கண்கலங்கியிருக்கிறேன்! காது இரண்டும் சூடாகிவிட்டது எனக்கு.

"அடிச்சு, சட்டம் போட்டுக் குடுக்கதுதான் என் வேலை. குடுத்துருதேன்" என்றாள் பொன்செல்வி. "ஆனா பொண்ணு டீச்சர்னு போட்டிருக்கீயளே. அஞ்சு பேப்பர் ஒண்ணு போல இருந்தா டீச்சர் என்ன செய்வாவ?"

அவள் பிசகாக அச்சான பத்திரிகைகளில் நாலைந்தை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தாள். ஒரு பேனாவும் வைத்தாள். "போன நான் வச்சிருக்கேன். அவுகளப் பத்தி ஒங்களுக்குத் தெரிஞ்சத இதுல கிறுக்குங்க. பெறவு அத ஏஐட்ட குடுங்க. யாரு வேண்டாங்கா?"

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நேசக்குமார் நல்லவன், அன்பானவன், பாசமானவன் என்று எழுதினேன். பொன்செல்வி எட்டிப் பார்த்தாள்.

"ரோச்சும் அப்படித்தான்" என்றாள்.

வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். ரோச்சாம் ரோச்! ஊரே மூழ்கிய அந்த டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவுக்கு லாரி டியூபைத் தள்ளிக்கொண்டு வந்தது ரோச்சா? நெஞ்சளவு தண்ணீர். அம்மாவை மாடியிலிருந்து இறக்கி டியூபில் உட்கார வைத்த பிறகு, கீழே அலமாரியில் பல்செட்டு கிடக்கிறது, அது இல்லாமல் நான் வரமாட்டேன், நாலு பேர் முன்னால் எப்படி விழிப்பேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். நான் கத்தினேன். நேசக்குமார் நேராக வீட்டுக்குள் போனான். பல்செட்டுக் கிளாஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயிலில் காணிக்கை கொண்டு வருகிற மாதிரி வந்தான். எழுத எழுதச் சிரிப்பும் வந்தது, மூக்கும் அடைத்தது. இரண்டு தாள் நிரம்பிவிட்டது.

அடுத்து அனுஜா. சிரிப்பு வராத பெண் என்று எழுதி அடித்தேன். உனக்கெப்படித் தெரியும் என்று எனக்குள்ளேயே கேள்வி வந்தது. நான் பார்த்தது ஒரு போட்டோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் எவன் சிரிக்கிறான்? பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? பேனாவைக் கடித்துக்கொண்டு அந்த நாளை யோசித்தேன். போட்டோவை என்னிடம் நீட்டியவன், நான் சரியாகப் பார்ப்பதற்குள் திரும்பப் பிடுங்கிக்கொண்டான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஏதோ கேட்டதுகூட அவன் காதில் விழவில்லை.

எனக்குப் பொறாமை என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. எட்டு மாதமாக வாதாடியதெல்லாம் இந்த ஒரு வார்த்தையை மறைக்கத்தானா? வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

போனைத் திரும்ப வாங்கி, எழுதியது அத்தனையையும் ஏஐயிடம் அடித்துக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரே விஷயத்தை மூன்று இடத்தில் எழுதியிருந்தேன், அதைப் பிடித்துவிட்டது. வெள்ளத்தை முன்னால் வைத்ததும் நல்ல யோசனை. ஆனால் பல்செட்டை 'தாயின் அரும்பொருள்' ஆக்கியிருந்தது. பொறாமையை 'இனம்புரியாத ஏக்கம்' ஆக்கியிருந்தது. ஏக்கமாவது மண்ணாங்கட்டியாவது! இரண்டையும் பழையபடி மாற்றினேன். பொன்செல்வி அடித்து முடித்து, ஒரு தடவை முழுதாக வாசித்தாள்.

"இத வேற யாரு தலையிலயும் கட்ட முடியாது, அண்ணே" என்று சொல்லிச் சட்டத்தை எடுத்தாள்.

மறுநாள் நாசரேத் மண்டபத்தில் அறுநூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்தேன். பல்செட்டு வந்ததும் மண்டபமே அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் அம்மா அதே பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு என்னை அடிக்கக் கை ஓங்கினாள். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு, மீதியை வாசித்தேன்.

"அனுஜா, உன்னைப் பார்க்காமலே உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அது உன்னைப் பற்றியது இல்லை. இவன் இனிமேல் என்னைத் தேட மாட்டானோ என்ற பொறாமை. என்னை மன்னித்துவிடு. வெள்ளத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்தவன், உன்னையும் கீழே விட மாட்டான்."

மேடையேறிச் சட்டத்தை நீட்டினேன். நேசக்குமார் வாங்கவில்லை, அனுஜாவைப் பார்த்தான். அவள்தான் வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்து வாசித்தாள். பின்னால் பரிசுப் பொட்டலங்களோடு நின்ற கூட்டம் முணுமுணுத்தது.

அவள் தலையைத் தூக்கி, எனக்கும் அவனுக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "எனக்கும் அதே பொறாமைதான் அண்ணே. பாக்க வந்த அன்னைக்கு இவுக அரைமணி நேரம் பேசுனாவ. இருபத்தஞ்சு நிமிசம் ஒங்களப் பத்தித்தான். ஒங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. அத யார்ட்ட போய்ச் சொல்ல?"

"அட கிறுக்குப் பயபுள்ளையளா!" என்று நேசக்குமார் மாலையோடு பாய்ந்து என்னைக் கட்டிக்கொண்டான். "இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னலே? எட்டு மாசம் ஒத்தையில டீ குடிச்சேன்!"

நான் அழுதேன். சந்தோஷத்தில்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. "அண்ணாச்சி, எறங்குங்க, லைன் நிக்கி" என்று வீடியோக்காரர் கத்திக்கொண்டே இருந்தார். நேசக்குமார் என் கையை விடவில்லை.