ஆணியில் தொங்கிய சாவி

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் இறங்குமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதன் மேல் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டியவன் வெளியே வந்துதான் திறப்பான். பூட்டு தொங்குகிறதென்றால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

என் மனைவியின் தம்பி என்னோடு வேலை பார்த்தவன். மச்சான் கடைசியாக வேலைக்குப் போன அன்றும் அப்படித்தான் பூட்டிவிட்டு உள்ளே போனான். வீட்டுக்குத் திரும்பி வந்தது சாவி மட்டும்.

அந்த லிஃப்டில் ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு. கரண்ட் போனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்காக அதுவே லிஃப்டை அடுத்த மாடி வரை மெல்ல நகர்த்திக் கதவைத் திறந்துவிடும். வேலை நடக்கும்போது அதையும் அணைக்க வேண்டும். அணைக்கிறேன் என்று சொன்ன கட்டடத்து எலக்ட்ரீஷியன் மறந்துவிட்டான். மச்சான் மெயினை அணைத்ததும், கரண்ட் போய்விட்டது என்று பெட்டி எடுத்துக்கொண்டது. யாரையோ காப்பாற்றத்தான் அது லிஃப்டை நகர்த்தியது; அதன் கூரைமேல் ஏறியிருந்த மச்சான் விழுந்து செத்துப்போனான்.

பூட்டை வெட்ட யாருக்கும் கை வரவில்லை. லிஃப்ட் மூன்றாம் மாடியிலேயே நின்றுபோனது. சாவியை என் மனைவி சமையலறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

சாயங்காலங்களில் அது தானாக ஆடிச் சுவரில் தட்டும். டிக், டிக்.

"அவன்தாங்க" என்பாள்.

"பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரும்மா. அது ஓடுறப்ப சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தா ஆணி அதிரும், ஆணி அதிர்ந்தா..."

"ஆரம்பிச்சிட்டாரு பாடத்த."

ஒருநாள் அந்த மோட்டாரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமும் சாவி தட்டியது. இருவரும் கேட்டோம். நான் எழுந்து போய், மோட்டார் இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

எலக்ட்ரீஷியனும் எங்கள் சர்ச் சபைதான். மச்சானின் சிநேகிதன். அவனுக்கு ஃபியூசு என்று பட்டப்பேர் வைத்ததே மச்சான்தான். இப்போதெல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்கிறான். திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரம் வந்தால் வாயில் வைக்காமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவான். முன் பெஞ்சில் என் மனைவியும் அப்படியே செய்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பேசியது இதைத்தான்: பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது சகோதரனோடு உள்ள மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போகச் சொல்கிறார் இயேசு. மனசு ஆறட்டும், அப்புறம் போ என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, அதுவரை கேட்டே இராத ஒன்றைக் கேட்டாள். "ஏங்க, லிஃப்ட்ல பிரேக் எப்படி வேலை செய்யும்?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "நாம நெனைக்கிறதுக்குத் தலைகீழும்மா. கரண்ட் வந்தாத்தான் பிரேக் விடும். இல்லேன்னா ஸ்பிரிங் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்."

"நாளாக நாளாகத் தானா விட்டுடாதா?"

"விடவே விடாது."

சுவரில் சாவி தட்டியது. எழுந்து போய் அதை எடுத்தாள்.

"கெளம்புங்க, அவங்கிட்ட போவோம்."

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல. உள்ள கல்லாத்தான் கெடக்கு. போன்னு சொல்லியிருக்கு, போறேன். மிச்சத்தச் சொன்னவரு பாத்துக்கட்டும்."

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவன் ஏணியில் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"அக்கா..."

"எறங்குடா ஃபியூசு. நீயும் விழுந்து வைக்காத."

அந்தப் பேரைக் கேட்டதும் அவன் முகம் உடைந்துபோனது. இறங்கி வந்தவனிடம் சாவியை நீட்டினாள். "தெற."

"என் கையாலயா? வேண்டாங்க்கா. பூட்டுனவன்தான்..."

"பூட்டுனவன் வரமாட்டான். நீ தெற. நான் இந்த லிஃப்ட்ல ஏறணும்."

நான் பேட்டரியைக் கழற்றினேன். கயிறுகளையும் பிரேக்கையும் நிதானமாகப் பார்த்து முடித்தேன். பிறகு அவன் பூட்டைத் திறந்து என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டான். நான் பொத்தானை அழுத்தியதும் மேலே எங்கோ பிரேக் 'டக்' என்று விட்டது.

கதவிடுக்கு வழியாகச் சில்லென்று காற்று வந்தது. இறங்கும் பெட்டி தனக்குக் கீழே இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் வரும். பயப்பட ஒன்றுமில்லை.

கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. யாருமில்லை.

என் மனைவி உடனே ஏறவில்லை. வெளியே வருபவருக்கு வழிவிடுவதுபோல் ஓரமாக ஒதுங்கினாள். ஃபியூசும் ஒதுங்கினான். ஏனென்று தெரியாமலே நானும் ஒதுங்கினேன். எங்கள் நடுவே சற்று நேரம் இடம் காலியாக இருந்தது.

பிறகு அவள் உள்ளே போய் நின்றாள். "வாடா" என்றாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான். கதவு மூடியது, லிஃப்ட் ஏறியது.

பூட்டு என் கையில் திறந்து கிடந்தது. எங்கள் வழக்கப்படி அதற்கு அர்த்தம், உள்ளே போனவன் வெளியே வந்துவிட்டான் என்பது.