தனியாக வந்தவருக்குத் துப்பாக்கி இல்லை

பதினோரு வருஷமாக ஒரே எதிரியிடம் தோற்றுக்கொண்டிருக்கிற ஊருக்கு ரோஷம் வராதா என்ன? ஹார்லோ க்ரீக்குக்கு வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கே துப்பாக்கி சுடுதளத்தின் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. பெண்கள் அணியின் பிஸ்டல் இறுதிப் போட்டி. எதிரே பிக்ஃபோர்டு ஊர்க்காரிகள். மொன்டானாவில் வேறு ஊரே இல்லாததுபோல, வருஷா வருஷம் இவர்கள் இரண்டு பேர்தான் கடைசியில் வந்து மோதிக்கொள்வார்கள். வருஷா வருஷம் கோப்பை பிக்ஃபோர்டுக்குப் போய்விடும்.

மார்லிஸ் ஹாகனுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஐம்பத்தெட்டு வயது. வாரத்தில் ஆறு நாள் அந்தச் சுடுதளத்தின் கவுன்ட்டரில் நிற்பவள். அணியில் கடைசி ஆளாகச் சுடுகிறவளும் அவள்தான். போன வருஷம் இரண்டே புள்ளியில் போயிற்று, அதுவும் அவள் கையால். அதற்குப்பின் ஊர்ச் சந்தையில் தக்காளி வாங்கப் போனால்கூட, "ரெண்டு கிலோவா மார்லிஸ்? உனக்குத்தான் ரெண்டுன்னா ராசியாச்சே" என்று கடைக்காரன் சிரிப்பான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

பிக்ஃபோர்டு அணித் தலைவி க்வென் ஸ்டாட்லர் உள்ளே வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன மார்லிஸ், கோப்பையைத் தொடச்சுக் கொண்டாந்திருக்கேன். ஒரு தடவ தொட்டுப் பாத்துக்க. சாயங்காலம் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்."

"எடுத்துட்டு வந்தியே, அது போதும். திரும்பச் சுமக்கிற கஷ்டம் உனக்கு வேணாம்" என்றாள் மார்லிஸ். சுற்றி நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

அந்த ஆரவாரத்தின் நடுவில்தான் அவன் கவுன்ட்டருக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். கையில் ஒரு துணிப்பை. காலடியில் காது தொங்கும் ஒரு பழுப்பு நாய்.

"ஒரு பிஸ்டல் வாடகைக்கு வேணும், மேடம். அரை மணி நேரம் போதும்."

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்போ இன்னிக்குக் குடுக்க முடியாது தம்பி. சொந்தத் துப்பாக்கி இருந்தா கொண்டு வா, இல்லேன்னா யாரையாவது கூட்டிட்டு வா. தனியா வர்றவங்களுக்கு வாடகைக்குக் குடுக்கறதில்ல." அவள் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள்.

அந்தப் பலகையை எழுதி மாட்டியதே அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் இதேபோல் ஒருவர் தனியாக வந்தார். நல்ல மனிதர், சிரித்துப் பேசினார், மீதிச் சில்லறை வேண்டாம் என்றார். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தது இவள் கை. ஆறாம் லேனில் அவர் தன் கதையைத் தானே முடித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் மார்லிஸ் கவுன்ட்டருக்கு வரவில்லை. வந்த அன்று, முதலாளி வெர்னிடம், "பலகை மாட்டறியா, நான் வேற வேல பாக்கட்டுமா?" என்று ஒரே வார்த்தையாகக் கேட்டாள். வெர்ன் ஆணி அடித்துக் கொடுத்தார்.

அவன் சண்டை போடவில்லை. "சரிங்க மேடம்" என்றான். பிறகு நாயைப் பார்த்தான். "இவன் பேரு பிக்கிள். உங்களுக்கு நாய் பிடிக்குமா?"

"பிடிக்கும், ஆனா எனக்கு ஆகாது. பக்கத்துல வந்தாலே தும்மல்" என்றவள் அப்போதே இரண்டு தும்மல் போட்டாள்.

"இங்க வேற யாருக்காவது நாய்னா ஆசை இருக்குமா?"

"இந்த ஊர்ல பொண்டாட்டி இல்லாதவன் இருப்பான், நாய் இல்லாதவன் இருக்க மாட்டான். உக்காரு, காபி குடி, போட்டிய வேடிக்கை பாரு. இன்னிக்குக் கோப்பை எங்களுக்கு!"

அவன் தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் போனான். அதற்குள் போட்டிக்கான மணி அடித்தது. மார்லிஸ் கவுன்ட்டரை வெர்னிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள்.

கூடத்தில் ஆளுக்கொன்றாகத் தடுத்து நின்று சுடுகிற பன்னிரண்டு லேன்கள். எட்டு வரை போட்டிக்கு. மீதி நான்கையும் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருந்தார் வெர்ன். வாடகை வருமானத்தை ஒரு நாள்கூட விட மனசு வராது அவருக்கு.

என்ன போட்டி அது! முதல் சுற்றில் பிக்ஃபோர்டு நான்கு புள்ளி முன்னால். இரண்டாவதில் ஹார்லோ க்ரீக் மூன்றைப் பிடித்தது. அஞ்சலகத்தில் வேலை செய்யும் இனெஸ், ஆறு மாதக் கர்ப்பிணி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று பத்துக்குப் பத்து போட்டாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற கூட்டம் காதடைப்பையும் மீறிக் கேட்கிற மாதிரி கத்தியது. க்வென் முகம் சுண்டிப்போயிற்று. கடைசி ஆட்கள் மட்டும் பாக்கி என்கிற நிலையில் பலகையில் இரண்டு பக்கமும் ஒரே எண்.

க்வென் முதலில் சுட்டாள். நாற்பத்தேழு. இனி மார்லிஸ். ஐந்து குண்டில் நாற்பத்தெட்டு புள்ளி எடுத்தால் கோப்பை. நேற்றைய பயிற்சியில் நாலு தடவை நாற்பத்தொன்பது போட்டவள்! பதினோரு வருஷ மானம் அவள் விரலில் இருந்தது.

"அஞ்சு நிமிஷம் இடைவேளை" என்று நடுவர் பெண் அறிவித்தாள்.

உள்ளங்கை வியர்த்ததால், கொஞ்சம் காற்று வாங்கலாமென்று அவள் வாசலுக்கு வந்தாள். தும்மல் வந்தது. திரும்பினால் தூணில் பிக்கிள் கட்டப்பட்டிருந்தது. அவன் இல்லை. அந்தத் துணிப்பை மட்டும் தூணில் தொங்கியது. மதியச் சாப்பாடு என்று நினைத்திருந்தாளே, அந்தப் பை. வாய் திறந்திருந்தது. உள்ளே நாய்த் தீனி, ஒரு கிண்ணம், தடுப்பூசி அட்டை, மாத்திரைப் புட்டி. மேலே மடித்த காகிதத்தில் கொட்டை எழுத்தில்: 'இவன் பெயர் பிக்கிள். ஆறு வயது. யாரையும் கடிக்க மாட்டான். இடி என்றால் பயம். சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மாத்திரை, வெண்ணெயில் வைத்துக் கொடுக்கவும். நன்றி.'

அரை மணி நேரம் சுட்டுப்பழக வந்தவன் எதற்கு நாயின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவர வேண்டும்?

பக்கத்தில் ரஸ் டாலிவர் ஹாட் டாக் தின்றுகொண்டு நின்றார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், வெள்ளை மனசு, ஓட்டை வாய்.

"ரஸ், இந்த நாய்க்காரன் எங்க?"

"அந்தப் பையனா? பாவம், தனியா உக்காந்திருந்தான். நம்ம ஊருக்கு வந்தவன் சும்மா திரும்பிப் போனா நல்லாவா இருக்கும்? நான்தான் கூட வந்தவன்னு கையெழுத்துப் போட்டேன். வெர்ன் துப்பாக்கி எடுத்துக் குடுத்துட்டாரு. ஒம்போதாம் லேன்ல இருக்கான். எனக்குப் பசிச்சுது, இப்பத்தான் வெளிய..."

அதுதான் அந்த ஊர்க்காரர்கள் செய்கிற காரியம். தனியாக நிற்கும் அந்நியனைக் கண்டால் பொறுக்காது. படிவத்தில் 'உடன் வந்தவர்' என்ற கட்டத்தில் எத்தனையோ பேருக்கு ரஸ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மார்லிஸுக்கும் தெரியும். 'நல்லதுதானே' என்று அவளும் சும்மா இருந்தவள்தான். தன் பலகையில் தானே ஓட்டை விட்டு வைத்த மடத்தனம் அவளைச் சுட்டது.

"இறுதிச் சுற்று. ஹாகன், எட்டாம் லேனுக்கு!" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. கூப்பிட்ட ஒரு நிமிஷத்துக்குள் தன் இடத்தில் நின்று தொடங்காவிட்டால் அந்தச் சுற்றுக்குச் சைபர். அதுதான் விதி.

அவள் ஓடினாள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ! கூட்டத்தை முட்டித் தள்ளி, கதவைத் திறந்து, சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். கூடம் முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"நிறுத்து! எல்லாரும் சுடறத நிறுத்து!"

இந்த ஒரு வார்த்தைக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. யார் சொன்னாலும் சரி, முதலாளியோ, ஏழு வயசுப் பிள்ளையோ. ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. துப்பாக்கியைக் கீழே வைத்து, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து, வெறுங்கையோடு நிற்க வேண்டும். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு அப்பன் துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கற்றுக்கொடுக்கும் பாடம் இதுதான். போட்டி லேன்களில் நின்றவர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். பத்தாம் லேனிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள்.

ஒன்பதிலிருந்து யாரும் வரவில்லை.

மார்லிஸ் மனசுக்குள் வேண்டினாள். 'கடவுளே, இன்னொரு தடவ என்னால ஆகாது. வந்துடுப்பா. வந்துடு.' தடுப்புப் பலகைக்கு அந்தப்பக்கம் எதையோ மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கால் பின்னால் வந்தது. இன்னொரு கால். அவன் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, தன் இரண்டு வெறுங்கைகளையும் தானே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் நேரே போய் அவன் கையைப் பிடித்தாள். நடுவர் பெண் சத்தமில்லாமல் ஒன்பதாம் லேனுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் ஆயிடுச்சு! அவ இடத்துல இல்ல!" என்று க்வென் கத்தினாள். "சைபர்தானே? விதின்னா விதி!"

"சைபர்தான்டி! எழுதிக்க!" என்றாள் மார்லிஸ் திரும்பிப் பார்க்காமலே. அவனை வாசலுக்கு நடத்திக்கொண்டு போனாள்.

தூணடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். நாய் அவன் மடியில் ஏறியது.

"பேர் என்னப்பா?"

"எமெட்."

"எமெட், சுத்தி வளைக்காம கேக்கறேன். உயிரை விடத்தான் வந்தியா?"

அவன் உதடு கோணியது. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். முடியவில்லை. "ஆமா" என்றான். அந்த ஒரு சொல்லோடு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். மார்லிஸ் நாயையும் பார்க்காமல், தும்மலையும் பார்க்காமல் அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"வீட்டுல துப்பாக்கி இல்லையா?"

"இருந்துச்சு. என் போக்கு சரியில்லன்னு அக்கா பூராத்தையும் எடுத்துட்டுப் போய் அவ வீட்டுல பூட்டி வெச்சுட்டா. போன மாசம்."

"தங்கமான பொம்பள. நம்பர் சொல்லு."

அக்கா லெனோரா நாற்பது மைல் தள்ளி இருந்தாள். போனில் ஒரு அலறல் கேட்டது. அப்புறம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. காத்திருந்த நேரத்தில் மார்லிஸ் 988-ஐ அழைத்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் பேசுவதற்கென்றே நாடு முழுவதற்கும் இருக்கிற எண் அது. அந்த முனையில் ஒருவர் எமெட்டோடு நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார். இவனும் ஆமாம், இல்லை என்பதிலிருந்து மெல்ல மெல்ல முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்தான்.

படிக்கட்டில் ரஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "என் கையெழுத்து மார்லிஸ். என் கையெழுத்து" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன்னோடதும், என்னோட அலட்சியமும்தான். திங்கக்கிழமையிலேர்ந்து ஒரே வண்டில வந்தாத்தான் கையெழுத்து, சுட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். நீ பலகைல எழுது, நான் ஆணி அடிக்கிறேன். இப்ப அழுது தொலைக்காத, காபி கொண்டா."

உள்ளே கோப்பை கொடுக்கும் கைதட்டல் கேட்கவில்லை. விஷயம் பரவியிருந்தது. க்வென் வெளியே வந்தாள். கோப்பையை இடுக்கியிருந்தாள். முகத்தில் காலைத் திமிர் இல்லை.

"நான் கத்தினதுக்கு... எனக்குத் தெரியாது மார்லிஸ்."

"தெரியும் உனக்குத் தெரியாதுன்னு. எடுத்துட்டுப் போ. அடுத்த வருஷம் வந்து புடுங்கறேன்."

"வாடி, பாப்போம்" என்றாள் க்வென். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

எமெட் போனைக் கீழே வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான். "மேடம், நான் ஆஸ்பத்திரில கொஞ்ச நாள் இருக்க வேண்டி வரும்னு அவர் சொல்றாரு. பிக்கிளை நீங்க..."

"நானா? ஹச்!" என்று அவள் போட்ட தும்மலில் நாயே திடுக்கிட்டது. "என்னைக் கொல்லப் பாக்கறியா? ஒரு வாரம் வேணா உங்க அக்கா பாத்துக்கட்டும். அதுக்கப்புறம் இவனுக்கு வேற ஆள் கிடையாது, நீதான். இந்த ஊர்ல ஒருத்தருக்கும் குடுக்க விடமாட்டேன், தெரிஞ்சுக்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடு அவன் சிரித்ததைப் பார்த்து மார்லிஸுக்குத்தான் அழுகை முட்டியது. பதினோரு வருஷத் தோல்வியும் பன்னிரண்டாவதும் சேர்ந்து போகட்டும், ஆற்றோடு போகட்டும்!

லெனோரா வண்டியை நிறுத்தாமலே இறங்கினாளோ என்று தோன்றுகிற வேகத்தில் ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டாள். திட்டினாள், முத்தமிட்டாள், மறுபடி திட்டினாள். மார்லிஸ் தூணிலிருந்து பையைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

எமெட் இடையில் கையை நீட்டி அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். காகிதத்தை எடுத்துக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டான். பிறகு உள்ளே இருந்த சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, வழியில வெண்ணெய் வாங்கணும்" என்றான். "ஆறு மணிக்கு இவனுக்கு மாத்திரை குடுக்கணும்."