எழுப்பாமல் விட்ட காமன்

லண்டனில் எங்கள் காமன் கூத்தை ஆடினார்களாம். ஆடியவர்கள் நாங்கள் இல்லை.

ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாசி மாதம் ரதி வேஷம் கட்டுவது என் வீட்டுக்காரர். சிவன் காமனை எரித்ததும் தாலியை அறுத்து, வெள்ளைச் சேலை கட்டி அவர் ஒப்பாரி வைத்தால் லயத்து வீடுகளில் அழாத பெண் இல்லை. மூன்றாம் நாள் பாடிக் காமனை எழுப்பிய பிறகுதான் ரதிக்கு மறுபடி தாலி. எழுப்பாமல் விட்டால், ரதிக்குக் காப்புக் கட்டிவிட்டவன் வீட்டில் தாலி இறங்கும் என்பார்கள்.

கொழும்பிலிருந்து முத்துலிங்கம் என்றொரு நாடகக்காரர் வந்து பார்த்தார். "மூக்கன், உம்மை லண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாஸ்போர்ட் கேட்கப் போன இடத்தில், பிரஜாவுரிமை இல்லாத ஆளுக்குக் கிடையாது என்று விரட்டிவிட்டார்கள். இந்த மலையிலேயே பிறந்த ஆளை, நாற்பத்தெட்டில் போட்ட ஒரு சட்டத்தைக் காட்டி.

"அப்ப ஆட்டத்தை எங்கட ஆக்களுக்குச் சொல்லித்தாரும்" என்றார் முத்துலிங்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லிக் குடுக்காதீங்க" என்றேன். கேட்டாரா? அவர்களுடைய ரதிக்குத் தன் கையாலேயே காப்புக் கட்டி, ஒப்பாரி முழுவதையும் சொல்லிக்கொடுத்தார்.

"எரிச்சா எழுப்பிடணுங்க, ஐயா." அவர் கேட்டது அது ஒன்றுதான். முத்துலிங்கம் தலையாட்டினார்.

லண்டனிலிருந்து திரும்பியதும் நுவரெலியாவில் ஒரு மண்டபத்தில் அதே ஆட்டத்தைப் போட்டார்கள். நாங்களும் போய்ப் பின்னால் நின்றோம். காமன் எரிந்தான், ரதி அழுதாள், திரை விழுந்தது.

என் வீட்டுக்காரர் முன்னால் போய் முத்துலிங்கத்தைப் பிடித்தார். "எழுப்பலையே, ஐயா?"

"ஒரு மணித்தியாலந்தான் ஆட்டம். எரிக்கிறதோட முடிச்சால்தான் எடுப்பு."

"அங்கயும் எழுப்பலீங்களா?"

"ஒரு இடத்திலயும் இல்லை. சனம் எழும்பி நின்று கைதட்டினது, தெரியுமோ?"

என் கை தாலியைப் பிடித்துக்கொண்டது. ஊர் ஊராக எரித்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறான் பாவி. விறுவிறுவென்று மேடை ஏறினேன். காமன் ஆட்டத்தில் பொம்பளை ஏறும் வழக்கம் எங்களிடம் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும்.

"ஏன்யா, ஒனக்குக் கைதட்டு விழ நான் தாலியறுக்கணுமா?" என்று கத்தினேன்.

சபை கைதட்டியது. இதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

திரையைத் தள்ளினேன். காமன் வேஷக்காரன் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

"படுடா" என்றேன்.

படுத்தான். எழுப்பும் பாட்டை அடித்தொண்டையில் எடுத்தேன். கீழேயிருந்து என் வீட்டுக்காரர் குரலும் சேர்ந்தது. முத்துலிங்கம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். காமன் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். கடைசி அடி பாடி முடியும்வரை நான் அவனை எழுந்திருக்க விடவில்லை.