வெள்ளிக்கிழமைச் சாவி

ஒரு வீட்டை விற்றுக்கொண்டே இன்னொரு வீட்டை வாங்குகிறவர்களுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால் அதுவே பெரிய விஷயம். விற்கிற நேரத்தில் நம் வீடு அரண்மனை. வாங்கப் போன இடத்திலோ குளியலறைக் குழாய் ஒழுகுவதுகூட உலக மகா குற்றம். சித்திரை பிறந்ததிலிருந்து பங்கஜம் இந்த இரண்டு வேஷத்தையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வீடு மாறும் ஆசையெல்லாம் இருந்ததில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் தி. நகரில், உஸ்மான் சாலைக்குப் பின்னால், மூன்றாவது மாடியில்தான் குடித்தனம். லிஃப்ட் கிடையாது. அது ஒரு குறையாகவே தோன்றாத வயதில் வந்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது.

போன தீபாவளிக்கு முன்னால் அவள் கணவர் வெள்ளைத்துரை தன் பாத்திரக் கடையில் ஏணியில் ஏறி, பரணிலிருந்த அண்டாவை எடுக்கப் போய் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து ஆம்புலன்ஸ் ஆட்கள் அவரை ஸ்ட்ரெச்சரில் மேலே தூக்கி வந்து விட்டதோடு சரி, அதற்கப்புறம் அவர் கீழே இறங்கவே இல்லை. சமதரையில் கம்பு ஊன்றி எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம், படிக்கட்டுப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் எல்லாம் கடையைப் பற்றித் துளைத்து எடுப்பார். யார் வந்தார்கள், குக்கர் போகிறதா, ரோட்டைத் தோண்டிப் போட்டார்களே மூடினார்களா. பிறகு கேள்விகள் குறைந்தன. பங்குனி வாக்கில் நின்றே போய்விட்டன. மகன் ராம்குமார் கடையிலிருந்து வந்து தானாகச் சொன்னால்கூட, "சரிப்பா" என்பதோடு முடித்துக்கொண்டார். கடைக்காரர் கடையைப் பற்றிக் கேட்காமல் போனால் பெண்டாட்டிக்குப் பயம் வராதா? பால்கனியில் போய் நிற்பதையும் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம்தான் பங்கஜம் முடிவு செய்தாள். தரைத்தளத்தில் ஒரு வீடு. குடிசையானாலும் சரி.

மகன் வீட்டுக்குப் போகலாம் என்றால் அவன் இருக்கும் வடபழனி ஃபிளாட்டும் மாடிதான். கடைசியில் மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் வீடு அமைந்தது. விற்றவர்கள் வேதாந்தமும் காமாக்ஷியும். பூனாவில் இருக்கும் மகள் அனன்யாவோடு போய் இருந்துவிடப் போகிறார்கள். தி. நகர் வீட்டை வாங்கியவர் சிந்தாதிரிப்பேட்டையில் மூக்குக்கண்ணாடி ஃபிரேம் கடை வைத்திருக்கும் இனாயத். இவர் பணம் கொடுத்தால்தான் அவர்களுக்குக் கொடுக்க முடியும். வங்கிக்காரர்கள் இழுத்த இழுப்பில் இரண்டு பத்திரப் பதிவும் ஆனிக் கடைசிப் புதன்கிழமைதான் முடிந்தன. வியாழன் கரிநாள். சனிக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யார் புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள்? ஆகவே எஞ்சியது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள், அதைவிட என்ன வேணும்?" என்று ஆண்கள் எல்லோரும் சேர்ந்து, இரண்டு வீட்டுச் சாவியும் கைமாறும் தேதியாக அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். வீட்டில் விளக்கேற்றுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அதில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலையில் காமாக்ஷி மாமி போன் செய்தாள்.

"நீங்கோ தப்பா நெனச்சுக்கப்படாது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நான் சாவி குடுக்கறதா இல்லை. சனிக்கிழமை கார்த்தால வாங்கோ, சாயங்காலம்தான் எங்களுக்கு ரயில். வெத்தலை பாக்கோட கையில குடுக்கறேன்."

பங்கஜத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மாமி இப்படிச் சொல்லுதீங்க? சனிக்கிழமை ஆடி பொறந்துருமே! வெள்ளிக்கிழமை நல்ல நாளுதானே, மகாலட்சுமி வார நாளு."

"வர்ற நாள்தான், யார் இல்லேன்னா? உங்காத்துக்கு வரான்னா, எங்காத்துலேர்ந்துன்னா கெளம்பிப் போறா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு கரண்டி உப்பு வெளியில குடுத்ததில்லை நான். ஆத்தையே தூக்கிக் குடுன்னா எப்படி? தேதி போட்டாளே புருஷாள்லாம், என்னைக் கேட்டாளா?"

போனை வைத்துவிட்டுப் பங்கஜம் பொரிந்து தள்ளினாள். "கையெழுத்துப் போட்டாச்சி, துட்டு வாங்கியாச்சி, இப்ப வந்து லட்சுமி போறா சரஸ்வதி போறான்னா? படிச்சவங்கதானே? அடுத்த ஆளு கஷ்டம் தெரியவேண்டாமா?" ராம்குமார் பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்குவதற்குள் மறுபடி போன் அடித்தது. இனாயத்தின் மனைவி குல்ஷன்.

"ஆண்ட்டி, நாளைக்குக் காலைல டெம்போ வந்துடும். வெள்ளிக்கிழமைல புது ஊட்டுக்கு வர்றது எங்களுக்கும் விசேஷம்தான். சாவி மட்டும் ரெடியா வச்சிக்கங்க."

"அது வந்தும்மா, வெள்ளிக்கிழமை நாங்க சாவி குடுக்க மாட்டோம். வீட்டு லட்சுமில்லா? நீங்க சாமானை எறக்கி வச்சிக்கிடுங்க. சாவி சனிக்கிழமை..."

வாக்கியத்தை முடிப்பதற்குள் ராம்குமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தான். அப்போதுதான் பங்கஜத்துக்கு உறைத்தது. மாமி சொன்னதைத்தான் அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் அதே பெருமையோடு. முகம் சூடாகிவிட்டது.

எதிர்முனையில் குல்ஷனின் குரல் உயர்ந்தது. "இன்னா ஆண்ட்டி, இப்ப சொல்றீங்க? நாங்க இருக்கற இந்த ஊட்டுக்கு நாளைக்கே வேற ஆளு வர்றாங்க. எங்க மாமியாரு கீது, புள்ளைங்க கீது, கதவைப் பூட்டாம எப்டி இருக்கறது?" என்றவள், பிறகு தானாகவே தணிந்தாள். "சரி வுடுங்க, பாத்துக்கலாம். ஆனா காலைல அவரும் அவர் தம்பிங்களும் வந்துடுவாங்க. அங்கிளைக் கீழ எறக்கணும்ல? அது சாவிக்காக நிக்காது."

பங்கஜம் போனை வைத்துவிட்டுப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். வெள்ளைத்துரையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவது என்று எப்போதோ பேச்சோடு பேச்சாக முடிவானது. அந்தக் குறுகலான படியில் ஒருமுறை இறக்குவதே பெரும்பாடு. இறக்கிவிட்டால் திரும்ப ஏற்றுகிற பேச்சே கிடையாது. ஏற்றினாலும் மேலே வேறு குடும்பம் இருக்கும். நாளை மயிலாப்பூர்க் கதவு திறக்காவிட்டால் அந்த மனிதரை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது?

அவள் காமாக்ஷி மாமிக்குத் தானே போன் போட்டாள். சண்டை போடத் தெம்பில்லை. "சாவியே வேண்டாம் மாமி. பால் காய்ச்ச மட்டும் உள்ள விடுங்க. அவுகளை ஒரு தடவை எறக்குனா பொறவு ஏத்த முடியாது. அதுக்குமேல உங்க இஷ்டம்."

மாமியிடமிருந்து "வாங்கோ" என்று ஒரு சொல் வந்தது. வந்து பாலைக் காய்ச்சிவிட்டுப் போங்கள் என்கிறாளா, வந்து இருங்கள் என்கிறாளா? கேட்கப் பயந்து பங்கஜம் போனை வைத்தாள்.

மறுநாள் விடிந்ததுமே இனாயத், தம்பிகள் காஷிஃபையும் தௌசீஃபையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கட்டை நாற்காலியில் வெள்ளைத்துரையை உட்காரவைத்து வேட்டியால் இறுக்கிக் கட்டினார்கள். ராம்குமாரும் ஒரு கால் பிடித்தான். "மெள்ள மச்சி, லெஃப்ட்ல சாயுது" என்று காஷிஃப் கத்த, நாற்காலி திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் இடித்துக்கொண்டு இறங்கியது. வெள்ளைத்துரை கண்ணை இறுக மூடியிருந்தார். ஊருக்கெல்லாம் அண்டா குண்டா தூக்கிக் கொடுத்த மனிதர் இப்படி ஒரு சாமானாக இறங்குவதைப் பார்க்கப் பங்கஜத்தால் முடியவில்லை. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே பின்னால் இறங்கினாள்.

கீழே நாற்காலி தரையில் உட்கார்ந்தபோது நான்கு பேரும் வியர்வையில் குளித்திருந்தார்கள். குல்ஷன் டெம்போவிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து முதலில் வெள்ளைத்துரையிடம் கொடுத்தாள். பங்கஜம் முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தாள்.

"இந்தாம்மா. கொத்தோட வச்சிக்கோ."

"வெள்ளிக்கிழமை குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே ஆண்ட்டி?"

"லட்சுமி உங்கூட வரணும்னு நெனச்சா வரட்டும்மா. போற எடம் நல்ல எடந்தான்."

தைரியமாகத்தான் சொன்னாள். கணவரோடு ஆட்டோவில் பனகல் பூங்காவைத் தாண்டும்போதோ வெறும் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். இருந்த வீட்டின் சாவி போயாயிற்று, போகிற வீட்டின் சாவி கையில் இல்லை.

காமாக்ஷி மாமி வாசலில் கோலம் போட்டுவிட்டு நின்றிருந்தாள். "சாவிப் பேச்சு வேண்டாம். கதவு தொறந்துதான் கெடக்கு" என்று மட்டும் சொல்லி ஒதுங்கி வழிவிட்டாள். துடைத்துவைத்திருந்த சமையலறையில் பங்கஜம் புது அடுப்பை வைத்து, கடையிலிருந்து வந்த புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றினாள். பொங்கி வழிந்தபோது குலவை போட வாயெடுத்தவள், திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் அந்த அடுப்படியில் நின்ற கால்களோ! பங்கஜம் முதல் தம்ளர் பாலை அவளுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமி மறுக்காமல் வாங்கிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பகல் நகரவே இல்லை. கூடத்தில் வேதாந்தம் செய்தித்தாளைப் பாதியாகப் பிரித்து வெள்ளைத்துரையிடம் கொடுத்தார். இருவரும் படிப்பதுபோல் தூங்கினார்கள். பங்கஜம் டிக்கெட் எடுக்காமல் ரயிலேறியவள்போல் எங்கேயும் சாய்ந்து உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். தி. நகரில் சாமான்களோடு நின்ற ராம்குமார், டெம்போவை இங்கே கொண்டுவரலாமா என்று போனில் கேட்டதற்கு, "இருப்பா, சொல்லுதேன்" என்றாள். மாமியோ சாவியைப் புடவை இடுப்பில் செருகியபடி பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாமி விளக்கேற்றினாள். நாளைக்கு இந்த மாடத்தில் அவள் ஏற்றப்போவதில்லை. ஏற்றிவிட்டு நமஸ்காரம் பண்ணியவள் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் போய், "நாங்க ராத்திரி இங்கே படுத்துக்கலாமா" என்று எந்த வாயால் கேட்பது? பங்கஜம் அவளோடு உள்ளறைக்குப் போய்ப் போர்வை மூட்டையின் மறுமுனையைப் பிடித்து இறுக்கிக் கட்டினாள். "பூனாவுல குளிருமாமே?" என்றாள். "குளிரட்டும், என்ன பண்றது?" என்றாள் மாமி.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது வெள்ளைத்துரையின் நாற்காலி காலியாக இருந்தது. கம்பையும் காணவில்லை. வேதாந்தம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குளியலறை, கொல்லைப்பக்கம், எங்கேயும் ஆள் இல்லை. வாசற்கதவு காலையிலிருந்து திறந்தபடியே கிடந்தது.

"ஐயோ!" என்று செருப்புகூடப் போடாமல் ஓடினாள் பங்கஜம். சந்தின் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஸ்கூட்டர்கள், மாடு, ஸ்கூல் பையோடு பிள்ளைகள். கீழே விழுந்து கிடக்கிறாரோ என்று அவள் கண் தரையையே தேடியது.

அவர் சந்து முனை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கம்பில். இன்னொரு கையை நீட்டி டீ மாஸ்டரின் பாய்லரைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். "மேல மட்டுந்தான் பித்தளை. உள்ள ஈயம் பூசி எத்தனை நாளாச்சி? எவன் வித்தான் இதை உமக்கு? எங்க கடைக்கு வாரும்." பங்குனிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து இத்தனை சொற்கள் ஒன்றாக வந்து அவள் கேட்கவில்லை. திட்டத்தான் ஓடிவந்தாள். கிட்டே வந்ததும் அழுகைதான் வந்தது.

"சொல்லிட்டு வரக் கூடாதா?"

"கதவு தொறந்து கெடந்துது. வந்துட்டேன்." அவருக்கே அது ஆச்சரியமாக இருந்ததுபோல் சொன்னார். "டீ குடிச்சிட்டேன். துட்டு கொண்டாந்தியா?"

அவளிடம் ஏது? அதற்குள் பின்னாலிருந்து மூச்சிரைக்க யாரோ வருகிற சத்தம். காமாக்ஷி மாமி.

"கெடைச்சாரா? நன்னாருக்கார் இல்லையோ? என்ன பொம்மனாட்டி நீங்கோ, விளக்கு வச்ச நேரத்துல உங்காத்தை அப்படியே தொறந்து போட்டுட்டா ஓடி வரது? உள்ள மாமா வேற தூங்கறார். பூட்டிண்டு வந்தேன், இந்தாங்கோ."

சாவியைப் பங்கஜத்தின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். பங்கஜமும் பார்த்தாள். பங்கஜம் சாவியைத் திருப்பி நீட்டினாள். "நாளைக்கே தாங்க மாமி. நீங்க குடுக்கல, நான் வாங்கல."

மாமி தலையை ஆட்டினாள். கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். "வேண்டாம், வச்சுக்கோங்கோ. உங்காம்னு வாயாலேயும் சொல்லிட்டேன். இன்னி ராத்திரி எங்களுக்குப் பாய் போடுங்கோ, போறும்." பிறகு இடுப்புப் பர்ஸை எடுத்து டீக்காசைக் கொடுத்துவிட்டு, தூங்குகிறவர் உள்ளே பூட்டிக்கிடக்கிறார் என்ற நினைப்பு வந்து, "சீக்கிரம் வாங்கோ" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

பங்கஜம் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ராம்குமாரிடம் டெம்போவை அனுப்பச் சொன்னாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று கணவரின் கையைப் பிடித்தாள்.

"நீ முன்னால போ, பெரியவரு பூட்டுக்குள்ள கெடக்காரு. நான் கொஞ்ச நேரம் நின்னுட்டு வாரேன்" என்றார் வெள்ளைத்துரை, தெருவைப் பார்த்தபடியே. "எப்ப வேணும்னாலும் வந்துக்கிடலாம்ல? படியா இருக்கு?"